பொங்கல் பானை உடைந்து போய்ச் சேர்ந்தது: காசைத் திருப்பிக் கொடுப்பதா, வாதாடுவதா?

கண்டாவளையான் | 8 ஜனவரி, இரவு 9.40

வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் இருந்து மண்பானை, சட்டி, பனையோலைச் சாமான்களை வெளிநாட்டுக்கு விற்கிறேன். தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை ஒரு நீத்துப்பெட்டி (பிட்டு அவிக்கும் ஓலைக் கூடை) நசுங்கியது, ஒரு பனங்கட்டிக் குட்டான் (சின்ன ஓலைக் கூட்டில் அடைத்த பனைவெல்லம்) இளகி ஒழுகியது, அவ்வளவுதான். இந்த முறை வசமாக மாட்டிக்கொண்டேன்.

ரொறொன்ரோவில் இருக்கும் ஒரு அக்கா தைப்பொங்கலுக்கென்று மூன்று பானை எடுத்தார். ஒன்று 28 கனேடிய டொலர், மூன்றுக்கும் 84. அனுப்புகூலி 74. கூரியரில் போட்டேன். 30 டிசம்பர் போய்ச் சேர்ந்தது. பெட்டியைத் திறந்தால் இரண்டு பானை துண்டு துண்டாம். படம் அனுப்பியிருந்தார். "பொங்கலுக்கு எடுத்த பானை இப்படி வந்தால் எங்களுக்கு எப்படி இருக்கும்" என்று ஒரு குரல்பதிவு வேறு. அதைக் கேட்டபின் எனக்குப் பதில் எழுதக் கை வரவில்லை. நான் பேசாமல் இருக்க, அவர் விற்பனைத் தளத்தில் முறைப்பாடு திறந்துவிட்டார். கூலியோடு சேர்த்து 158 டொலரும் வேண்டும் என்கிறார். நாளை மறுநாளுக்குள் நான் பதில் போட வேண்டும்.

கூரியர் முகவரிடம் போனேன். "பொதி சரியாகக் கட்டவில்லை, எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று நின்றபடியே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு கேள்வி. ஒன்று, அக்காவுக்கு என்ன பதில் எழுதுவது? இரண்டு, பானை செய்து தரும் அம்மாவிடம் நட்டத்தில் ஒரு பங்கைக் கேட்கலாமா? பானைக்கு 900 ரூபாய் கொடுக்கிறேன். சுட்டது சரியில்லையோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறது.

மாங்குளம் சந்தி | 8 ஜனவரி, இரவு 10.05

தம்பி, முதலில் இன்றைக்கே ஏதாவது எழுதுங்கள். ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் உங்கள் பெரிய பிழை. பானை உடைந்ததை விட அதுதான் அவருக்குக் கோபம்.

எந்தத் தளம் என்று நீங்கள் சொல்லவில்லை. ஈபே என்றால் பொருள் கையில் கிடைத்து 30 நாளுக்குள் வாங்கியவர் முறையிடலாம். விற்றவருக்கு மூன்று வேலைநாள். அதற்குள் தீர்க்காவிட்டால் ஈபேயே உள்ளே வரட்டும் என்று அவர் கேட்கலாம். வழியில் உடைந்ததும் அவர்கள் கணக்கில் "சொன்னபடி இல்லாத பொருள்"தான். யார் உடைத்தது என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. காசு பேபால் வழியே வந்திருந்தால் இன்னும் நீளம்: காசு கொடுத்து 180 நாள் வரை பிணக்குத் திறக்கலாம், திறந்தபின் 20 நாளுக்குள் அதைக் கோரிக்கையாக மாற்றாவிட்டால் மூடிவிடும். பொருள் சேர்ந்துவிட்டதற்கு நீங்கள் காட்டும் சான்று "வரவே இல்லை" என்பவரிடமிருந்துதான் காப்பாற்றும். "உடைந்து வந்தது" என்பவரிடமிருந்து காப்பாற்றாது.

வட்ஸ்அப்பில் சண்டை பிடிக்க வேண்டாம். எழுதுவதைத் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே எழுதுங்கள். பிறகு யாராவது பார்ப்பதென்றால் அங்கேதான் பார்ப்பார்கள்.

பழைய தபால் | 8 ஜனவரி, இரவு 11.20

நான் தபாற்கந்தோரில் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவன். கூரியர் என் துறை இல்லை. ஆனால் ஒன்று தெரியும், அதற்குத்தான் இந்த நேரத்தில் எழுதுகிறேன்.

விமானத்தில் போகும் சரக்குக்கு மொன்றியல் உடன்படிக்கை, 1999 என்று ஒன்று உண்டு. சேதம் என்றால் பொதியைப் பெற்றுக்கொண்டவர் கையில் கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். தவறவிட்டால் கதவு சாத்தினது சாத்தினதுதான். உங்களுக்கு 30 டிசம்பர். இன்றைக்கு 8. எண்ணிப் பாருங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, முறையிட வேண்டியவர் பெற்றுக்கொண்டவர். அதாவது நீங்கள் இப்போது சண்டை பிடிக்க யோசிக்கிற அதே அக்கா. உடைந்த துண்டும் அவரிடம், பெட்டியும் அவரிடம், படமும் அவரிடம். அவரைப் பகைத்துக்கொண்டு கூரியரிடம் ஒரு சதம் வாங்க முடியாது. பெட்டியைக் குப்பையில் போட வேண்டாம் என்று இப்போதே சொல்லுங்கள். அங்கே குப்பை வண்டி நாள் தவறாமல் வரும்.

தபாலில் போட்டிருந்தால் கதை வேறு. விசாரணை கேட்க ஆறு மாதம், தபாலில் சேர்த்த மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். நட்டஈடும் வழமையாக அனுப்பியவருக்குத்தான். இலங்கையின் குறியான 'எல்கே' என்று முடியும் 13 எழுத்து இலக்கம் உள்ள பற்றுச்சீட்டை எங்கள் சனம் பாதிப்பேர் வெற்றிலையோடு மடித்து எங்கேயோ வைத்துவிட்டு வருவார்கள். ஆனால் தபாலிலும் அனுப்பியவரின் கவனக்குறைவு, பொருளின் இயல்பு என்ற இரண்டு காரணம் இருக்கிறது. அதைக் காட்டினால் ஈடு இல்லை. மழைக்காலத்தில் இளகிய பனங்கட்டிக்கு எந்த நாட்டுத் தபாலும் காசு தராது.

சுங்கத் தாளில் என்ன பெறுமதி எழுதினீர்கள்?

கண்டாவளையான் | 9 ஜனவரி, காலை 6.15

நன்றி ஐயா. அந்தக் கேள்வியைத்தான் நீங்கள் கேட்கக்கூடாது என்று நினைத்தேன். மூன்று பானையும் 15 டொலர் என்று எழுதினேன். கனடாவில் 20 டொலருக்குள் என்றால் வரி இல்லை என்பதால் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம்.

மாங்குளம் சந்தி | 9 ஜனவரி, காலை 6.50

எல்லோரும் என்று சொல்ல வேண்டாம்.

ரொறொன்ரோ மச்சாள் | 9 ஜனவரி, காலை 8.30

நான் வாங்குகிற பக்கம். இங்கே இரவு பத்து மணி, நித்திரை வரவில்லை, இந்த இழையை வாசித்தேன்.

அந்த அக்கா 158 டொலருக்காகக் கத்துகிறார் என்று நினைக்க வேண்டாம். இங்கே பொங்கல் என்பது அடுக்குமாடியில் கரண்ட் அடுப்பில், புகை மணி அடிக்குமோ என்ற பயத்தில் வைக்கிற பொங்கல். பனிக்குள் பானையை வெளியே வைக்க முடியாது. அதற்காகவே ஊர்ப் பானை எடுப்போம். அது உடைந்து வந்தால் சகுனம் சரியில்லை என்று வீட்டில் மாமி ஒரு கிழமை முகத்தைத் தூக்கிவைத்திருப்பார். போன வருடம் எனக்கும் இப்படி நடந்தது. விற்றவர் "நாங்கள் நன்றாகத்தான் கட்டினோம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கடன் அட்டை வங்கிக்குப் போனேன். அவர்கள் விற்றவரிடம் ஏன், எதற்கு என்று கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. விற்றவருக்குத் தண்டப் பணமும் சேர்த்துப் போயிருக்கும்.

"அக்கா, பிழை வழியில் நடந்ததோ எங்களில் நடந்ததோ, நட்டம் உங்களுக்கு வராது" என்று ஒரு வரி முதலில் வந்திருந்தால் நான் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன். பாதிக் காசுக்கே சரி என்றிருப்பேன்.

கச்சேரியடி | 9 ஜனவரி, பகல் 12.10

எல்லோரும் ஒரேயடியாக வாங்கியவர் பக்கம் சாய்வதால் நான் மறுபக்கம் பேசுகிறேன். நம் நாட்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கம். 1893இன் ஆங்கிலச் சட்டத்தின் அச்சில் வந்தது. அதன்படி வாங்கியவருக்கு அனுப்பவென்று பொருளைக் காவுகிறவரிடம் (கூரியர் மாதிரி) ஒப்படைத்தால், முதல் பார்வையில் அது வாங்கியவரிடமே ஒப்படைத்த மாதிரி. பிறகு கடலில் விழுந்தாலும் வாங்கியவர் பாடு. சட்டப்படி தம்பி தலையைக் குனியத் தேவையில்லை.

மாங்குளம் சந்தி | 9 ஜனவரி, பகல் 12.25

அண்ணை, 1896இல் பானையை லண்டனுக்குக் கூரியரில் அனுப்பினார்களா? தளத்தில் கணக்குத் திறக்கும்போது "சரி" என்று ஒரு பெட்டியில் புள்ளடி போட்டோமே, அதுதான் நமக்குச் சட்டம். இங்கிலாந்திலேயே 2015இன் நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் இது தலைகீழாக இருக்கிறது: வாங்கியவர் கையில் சேரும்வரை பொருள் வியாபாரியின் பொறுப்பு. வாங்கியவர் தானே ஒரு கூரியரைப் பிடித்து அனுப்பச் சொன்னால்தான் விலக்கு.

கச்சேரியடி | 9 ஜனவரி, பகல் 1.40

அதை ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் தோண்டி எடுப்பீர்கள். பழைய சட்டத்திலும் பொருளின் தன்மைக்கு ஏற்ற நியாயமான ஒழுங்கைக் காவுகிறவரோடு விற்றவர் செய்யாவிட்டால், அந்த ஒப்படைப்பைத் தனக்கான ஒப்படைப்பாக வாங்கியவர் ஏற்கத் தேவையில்லை. 84 டொலர்ப் பானையை 15 டொலர் என்று எழுதி ஒப்படைத்தது நியாயமான ஒழுங்கா என்று நீதவான் கேட்டால் எனக்குப் பதில் இல்லை. வரியைத் தப்ப எழுதிய பொய் ஈடு கேட்கும்போது உண்மையாகிவிடும்.

சுட்டமண் | 9 ஜனவரி, மாலை 4.00

யாரும் அந்த இரண்டாவது கேள்வியைத் தொடவில்லை. நான் தொடுகிறேன்.

பானை செய்கிற அம்மாவுக்கு 900 ரூபாய். உங்களுக்கு 28 டொலர். போன வருடம் இருபது பானை முழுசாய்ப் போய்ச் சேர்ந்தபோது இலாபத்தில் பங்கு கேட்டாரா? நட்டத்தில் மட்டும் அவருக்கு ஏன் பங்கு? மண் எடுக்கிற இடம் தூரமாகிவிட்டது, விறகுக்கு விலை, மாரி வந்தால் சூளை போட முடியாது. இதெல்லாம் அவருடைய நட்டம், அதை உங்கள் தலையில் கட்டுகிறாரா?

சுட்டது சரியில்லை என்ற சந்தேகம் பானையை எடுக்கும்போது வர வேண்டிய சந்தேகம். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நல்ல பானை "ணங்" என்று நின்று கேட்கும். கீறல் இருந்தால் "டப்" என்று செத்த சத்தம். சந்தையில் எங்கள் அம்மம்மா தட்டாமல் ஒரு சட்டி வாங்கியதில்லை. நான் இப்போது அந்தத் தட்டலை ஃபோனில் வீடியோ எடுக்கிறேன். ஒவ்வொரு பானையையும் ஓடர் இலக்கத் துண்டை ஒட்டிவைத்துத் தட்டி, அதே வீடியோவில் பெட்டிக்குள் வைத்து மூடும்வரை. ஒரு நிமிடம்தான். பிறகு வாங்கியவர் கேட்டாலும் கூரியர் கேட்டாலும் பானை இங்கிருந்து முழுசாய்ப் போனது என்று சத்தமே சொல்லும். தட்டி எடுத்த பானை உங்கள் பானை, அதற்குப் பிறகு அம்மாவுக்குப் பங்கில்லை. இதை அவரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், அவர் பயத்தோடு இருப்பார்.

மற்றது கட்டுவது. மூன்று பானையை ஒன்றுக்குள் ஒன்றாகவோ ஒன்றோடொன்று முட்டவோ வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பானையைப் பானைதான் உடைக்கும், கூரியர்காரன் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி, வாயைச் சுற்றி உருட்டிய துணி வளையம், உள்ளே கசக்கிய பேப்பர் நிறைய. பிறகு அந்தப் பெட்டி இன்னொரு பெட்டிக்குள், சுற்றிவர 5 சென்டிமீட்டர் இடைவெளி, அதையும் நிரப்பு. ஆட்டிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் பேசக்கூடாது. வைக்கோல் வைக்க வேண்டாம். வண்டியில் சந்தைக்குப் போகிற பானைக்கு அதைப் போல வேறொன்று இல்லை, ஆனால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் வைக்கோலைக் கண்டால் பொதியையே பிடித்துவைப்பார்கள்.

கண்டாவளையான் | 9 ஜனவரி, மாலை 5.30

சுட்டமண் அக்கா, பானை செய்கிற அம்மா விடயத்தில் நீங்கள் சொன்னது சுட்டது. கேட்கவில்லை, இனிக் கேட்கவும் மாட்டேன்.

ஆனால் பெட்டிக்குள் பெட்டி என்பது சொல்ல லேசு. கூரியர் நிறையை மட்டும் பார்ப்பதில்லை, பருமனையும் பார்க்கிறது. நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000ஆல் பிரித்து வருவது நிறையை விடக் கூட என்றால் அதற்குத்தான் காசு. 30 சென்டிமீட்டர்ப் பெட்டி 5.4 கிலோ. நீங்கள் சொல்கிறபடி சுற்றிவர 5 விட்டால் 40 சென்டிமீட்டர், அது 12.8 கிலோ! உள்ளே இருப்பது இரண்டு கிலோப் பானை. இருமடங்குக்கு மேல் கூலி கொடுத்து யார் வாங்குவார்கள்?

சுட்டமண் | 9 ஜனவரி, மாலை 6.10

கணக்குச் சரி. அப்படியானால் பெரிய பானையை வெளிநாட்டுக்கு விற்கக்கூடாது. நான் விற்பதில்லை. 15 சென்டிமீட்டருக்கு மேல் ஒரு சட்டியும் கடல் தாண்டாது. பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசி விழுந்தால் உடையுமா? நீத்துப்பெட்டி நசுங்கினால் தண்ணீர் தெளித்து நிமிர்த்தலாம். விற்கலாம் என்பதற்காக எல்லாவற்றையும் விற்க வேண்டும் என்று இல்லை.

பூநகரியான் | 9 ஜனவரி, இரவு 7.45

அரிசியில் வண்டு வரும், அது தனி இழை.

நான் ஒரு சின்னப் பரிசோதனை செய்தேன், சொல்கிறேன். எல்லோரும் விமானத்தில்தான் உடைகிறது என்கிறோம். நான் ஆறு பெட்டியை இங்கேயிருந்து பஸ்ஸில் போட்டு கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் என் தம்பியிடம் திறந்து பார்க்கச் சொன்னேன். இரண்டில் அங்கேயே சேதம். பஸ்ஸின் கீழ்ப்பெட்டியில் அரிசி மூட்டைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். முழு இரவும் அந்தப் பாரம். அதாவது கூரியர் கொழும்பில் கையேற்கும் முன்பே என் பொருள் போய்விட்டது, நான் கூரியரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதன்பின் கொழும்பில் தம்பி ஒருதரம் திறந்து பார்த்து, படம் எடுத்து, மூடி ஒப்படைக்கிறான். அவனுக்குப் பெட்டிக்கு 200 ரூபாய், சில நேரம் மறந்துவிடுவான், பரவாயில்லை.

அனுப்புமுன் விழுத்தியும் பார்ப்பேன். வெளிநாட்டில் பொதிகளுக்கு ஒரு முறை இருக்கிறது: ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு பக்கம், மொத்தம் பத்துத் தரம். பத்துக் கிலோவுக்குள் என்றால் 76 சென்டிமீட்டர் உயரம், கிட்டத்தட்ட ஒரு மேசை உயரம். மனைவி நான் பைத்தியம் என்று நினைக்கிறாள்.

குமுழமுனை | 9 ஜனவரி, இரவு 9.00

அந்த அக்கா பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உடைந்த படம் என்று வந்ததெல்லாம் உண்மையும் இல்லை. எனக்கு ஒருவர் அனுப்பிய உடைந்த சட்டியின் படத்தில் அடியில் கரி பிடித்திருந்தது! சமைத்துவிட்டு உடைத்திருக்கிறார். இப்போது நான் கேட்பது: துண்டுகளுக்குப் பக்கத்தில் ஓடர் இலக்கத்தைக் கையால் எழுதிய தாள், பெட்டியின் ஆறு பக்கம், முகவரி லேபல். மரியாதையாகக் கேளுங்கள், "கூரியருக்குக் கொடுக்க வேண்டும்" என்று சொல்லிக் கேளுங்கள். அது உண்மையும்தான். உண்மையாக உடைந்தவர் அரை மணிநேரத்தில் அனுப்புவார்.

கண்டாவளையான் | 10 ஜனவரி, காலை 5.50

இரவு இதை அனுப்பினேன்:

"அக்கா, ஒன்பது நாள் பதில் போடாதது என் பிழை, மன்னியுங்கோ. உடைந்த இரண்டு பானையின் 56 டொலரையும், கூலியில் அந்த இரண்டுக்கு உரிய 49 டொலரையும் இன்றே திருப்புகிறேன். துண்டுகளை எனக்கு அனுப்ப வேண்டாம். ஒரு உதவி மட்டும்: கூரியர் கொம்பனிக்கு 13ஆம் திகதிக்கு முன் நீங்கள் ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும், நான் எழுதினால் எடுக்க மாட்டார்கள். என்ன எழுதுவது என்று கீழே தந்திருக்கிறேன். பெட்டியை அதுவரை எறிய வேண்டாம். மூன்றாவது பானையை ஒருதரம் தட்டிப் பாருங்கோ, 'ணங்' என்று கேட்டால் பயமில்லாமல் பொங்கலாம்."

ரொறொன்ரோ மச்சாள் | 10 ஜனவரி, காலை 9.15

கடைசி வரிக்கே நான் முறைப்பாட்டை மூடியிருப்பேன்.

கண்டாவளையான் | 3 பெப்ரவரி, இரவு 8.20

என்ன நடந்தது என்று கேட்டுச் சிலர் தனியே எழுதியிருந்தீர்கள்.

அக்கா அன்றைக்கே முறைப்பாட்டை மூடிவிட்டார். 105 டொலர் திருப்பினேன். 12ஆம் திகதி கூரியருக்கு மின்னஞ்சலும் எழுதி எனக்குப் பிரதி வைத்தார். மூன்றாவது பானையில் பொங்கி, பால் கிழக்கே பொங்கிச் சரிந்தது என்று வீடியோ வந்தது. பின்னால் புகை மணி அடிக்கிற சத்தமும் கேட்கிறது.

கூரியரிலிருந்து போன கிழமை பதில். முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டார்கள், "சரியாகக் கட்டவில்லை" என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் மூன்று பானை 15 டொலர் என்று நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆகவே உடைந்த இரண்டுக்கும் 10 டொலர். பத்து! கச்சேரியடி அண்ணை சொன்னது அச்சொட்டாக நடந்தது. 95 டொலர் என் பொய்க்குக் கொடுத்த விலை.

அம்மாவிடம் போய் இனித் தட்டித்தான் எடுப்பேன், எடுத்தபின் உங்களுக்குப் பொறுப்பில்லை என்று சொன்னேன். "இவ்வளவு காலமும் நீ தட்டாமல் எடுத்ததுதான் எனக்கு யோசனை" என்றார். பத்துப் பானையில் இரண்டை அவரே தட்டிப் பார்த்து ஒதுக்கிவைத்தார்.

பெரிய பானை விற்பனையை நிறுத்திவிட்டேன். 14 சென்டிமீட்டர்ச் சட்டி மட்டும், உண்மைப் பெறுமதி எழுதி. வரி வரும் என்று பொருளின் விபரத்திலேயே போட்டிருக்கிறேன். ஓடர் குறைந்திருக்கிறது.

குமுழமுனை | 3 பெப்ரவரி, இரவு 8.50

எவ்வளவு குறைந்தது?

கண்டாவளையான் | 3 பெப்ரவரி, இரவு 9.05

ஜனவரியில் ஏழு. போன வருடம் இதே மாதம் பதினொன்று. ஒன்றும் உடையவில்லை, இதுவரை.

பூநகரியான் | 4 பெப்ரவரி, காலை 7.30

தம்பி, 5 அடுக்குக் காட்போட் பெட்டி கிளிநொச்சியில் எங்கே எடுக்கிறீர்கள்? கடைகளில் கேட்டால் பிஸ்கட் பெட்டியைத் தருகிறார்கள், அது 3 அடுக்கு, மேலே ஏறி உட்கார்ந்தால் போய்விடும்.

கண்டாவளையான் | 4 பெப்ரவரி, காலை 8.10

புதிதாக வாங்குவதில்லை அண்ணை. மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைகளில் கேளுங்கள். இரும்பு வருகிற பெட்டி, நல்ல தடிப்பு. பழைய லேபலை மட்டும் ஒட்டுத்துண்டு இல்லாமல் உரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பெட்டி திரும்ப எங்கேயாவது போய்விடும்.